ரசீது கேட்காத கழிவு

விழுப்புரம்,
10.6.1988

பாஞ்சாலிக்கு,

உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?

திண்டிவனத்தில் நான் வாங்கி வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வரிக் கணக்கு எழுத நேற்று ஆடிட்டரிடம் போனேன். வாடகையில் ஆறில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று கழித்த பிறகுதான் வரியாம்.

"ஒரு ஓடுகூட மாத்தலியே சார்."

"மாத்தாட்டியும் கழிக்கலாம் முதலாளி. பில்லும் வேணாம். வீடுன்னா தேயும்னு சட்டத்துக்கே தெரியுது."

அசந்துபோனேன். நம் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டைக்கு அரைக் கிலோ கழிவு கேட்டாலே சண்டைக்கு நிற்பவன் நான். என் முகத்தைக்கூடப் பார்க்காத சர்க்கார், ஒரு வார்த்தை கேட்காமல் கழிக்கிறதே!

அடுப்படி ஒழுகுகிறது என்று நீ மூன்று மழைக்காலம் சொன்னாய். "ஒழுகுனா சட்டிய வையி" என்றேன். நான்காவது மழையில் நீ கிளம்பிவிட்டாய்.

இன்று கொத்தனாரைக் கூரைமேல் ஏற்றிவிட்டேன். நேற்று இதைச் சொன்னபோதே, "நீங்க குடியிருக்கிற வீட்டு ரிப்பேருக்கு ஒரு பைசா கழியாது" என்றார் ஆடிட்டர். "கழியாட்டி போவுது" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

சட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டேன். ஒழுகல் நின்றதா என்பது மழை வந்தால்தான் தெரியும். அப்போது நீ அடுப்படியில் இருந்தால் தேவலை.

உன் வீட்டுக்காரன்