கயிறு இருக்கும் கைப்பக்கம்

காலையில் மூக்குக்கண்ணாடியைத் தேடப்போய் உன் சிவப்புக் கயிறு கையில் கிடைத்தது. ஊசி போட இடைஞ்சலாக இருக்கிறதென்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெட்டி என்னிடம் கொடுத்த கயிறு. சாயம் வெளுத்துவிட்டது. முகர்ந்து பார்த்தேன், உன் தேங்காய் எண்ணெய் வாசம் இன்னும் லேசாக இருக்கிறது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

வேங்கிக்கால் ஆபீசில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. யார் என்ன பேசினாலும் அதில் ஒரு சொல்லைப் பிடித்து இழுப்பாய். ஒருநாள் சாப்பிடும்போது, ஏதோ செய்தி கேட்டுத் திக்பிரமை பிடித்தமாதிரி நின்றேன் என்று சொல்லிவிட்டேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஆரம்பித்தாய்.

"வடமொழில இருந்து வந்த சொல்லுடி அது. திக்குன்னா திசை, பிரமைன்னா மயக்கம். கிழக்கு எது மேற்கு எதுனு தெரியாம நிக்கிறதுக்குத்தான் அந்தப் பேரு. அதிர்ச்சின்ற அர்த்தமெல்லாம் அப்புறமா வந்து ஒட்டிக்கிச்சு."

"இந்த ஊர்ல அது யாருக்குடி வரும்? நிமிர்ந்தா மலை" என்றேன். நீயும் சிரித்தாய்.

உனக்கே வந்தது. ரிட்டயர் ஆன பிறகு ஒரு பௌர்ணமி கிரிவலம். அடி அண்ணாமலை தாண்டியதும், பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று திரும்பிக் கூட்டத்துக்கு எதிரே நடக்க ஆரம்பித்தாய். எப்போதும் வலப்பக்கம் இருக்கவேண்டிய மலை உனக்கு இடப்பக்கம் போய்விட்டது. "ஏம்மா, எந்தப் பக்கம் சுத்துறதுனு தெரியாதா?" என்று யாரோ அதட்டினார்கள். ஓடிவந்து உன் தோளைப் பிடித்தேன். நீ மலையை அண்ணாந்து பார்த்தபடியே கேட்டாய்: "நம்ம மலை எங்கடி? இது வேற ஏதோ மலை." அங்கிருந்து பார்த்தால் அது வேறு உருவம் காட்டும்தான். ஆனால் இத்தனை வருடம் சுற்றியவள் நீ! எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குக் கோயில் வாசலில் கயிறு வாங்கி உன் வலது மணிக்கட்டில் கட்டினேன். "பொம்பளைக்கு இடது கைலதானடி கட்டுவாங்க" என்று முறைத்தாய். அது மட்டும் மறக்கவில்லை உனக்கு. "கயிறு இருக்குற கைப்பக்கம் மலை இருந்தா நீ சரியாப் போறேனு அர்த்தம்" என்றேன். அதன்பிறகு கடைசிச் சுற்றுவரை கயிற்றையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

போன வாரம் காய் வாங்கிக்கொண்டு மார்க்கெட்டை விட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. எதிரே மலை நின்றது. பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆட்டோக்காரர் "எங்கம்மா போவணும்?" என்று கேட்டதும்தான் விலாசம் வாயில் வந்தது. மகனிடம் சொல்லவில்லை. வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. திக்பிரமைக்கு நீ சொன்ன அந்த அர்த்தமே திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. பயமாக இருக்கிறதடி.

உனக்குக் கட்டிவிட நான் இருந்தேன். இன்று பௌர்ணமி. உன் கயிற்றை என் வலது கையில் நானே கட்டிப் பார்த்தேன். இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட வரவில்லை. வெட்டிய கயிறு, நீளமும் போதவில்லை. அதனால் வலது உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டேன். கையைத் திறக்காமல் சுற்றிவிட்டு வருகிறேன்.