ஓரத்தில் ஏறிய புதுத்தோல்

என்னங்க,

திண்ணையிலேயே அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. நான் வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டதும் காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள்.

நேற்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். “காத்தாட விட்டாத்தான் புண்ணு காயும்” என்று நீங்கள் கால் புண்ணின் கட்டைப் பிரித்துப் பவுடரைக் கொட்டினால் எனக்கு வயிறு எரியாதா?

வாராவாரம் கட்டுப் போட வரும் நர்ஸம்மா வந்து அதைக் கழுவி, புதுப் பஞ்சுப் பட்டை வைத்துக் கட்டினபோது, கோபத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதனால் நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். புண்ணின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் ஏறியிருக்கிறது.

“காய விட்டா இந்தத் தோல் வெடிச்சிரும்மா. உள்ள ஈரம் இருக்கணும், மேல கட்டு இறுக்கமா இருக்கணும். புண்ணு மூடிக்கிட்டுத்தான் வருது” என்று சொன்னார். இத்தனை வருஷத்தில் ‘மூடுது’ என்ற வார்த்தையை ஒருவர் வாயிலிருந்து இப்போதுதான் கேட்கிறேன்.

அதனால், உங்கள் சலூன் நாற்காலியை விலை பேச வருகிறவரிடம், “விக்கிறதா இல்லைங்க” என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். நீங்கள் மறுபடி நின்று முடி வெட்டும் நாள் வரும்.

கால் விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ மேல் கட்டை மட்டும் அவிழ்த்துவிட்டு, உடனே நர்ஸம்மாவுக்குப் போன் போடுங்கள்.

இன்னொன்று. புண் நாற்றம் அடிக்கிறது என்று நீங்களாகவே கூடத்துக்குக் கொண்டுபோன பாயை நம் அறைக்கே எடுத்து வந்துவிட்டேன். இப்போது நாற்றமே இல்லை, சத்தியமாய். கேட்காமல் செய்ததற்குத் திட்டுவதானால், சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுங்கள்.