கழற்றாத பலகை

அன்றைக்கு உன் வீட்டில் இருந்தது ஐந்து பேர். நீ, உன் வீட்டுக்காரர் ராசு, நம் அண்ணன் சுருளி, முத்தையா ஆசாரி, நான்.

இப்போது என் பேரன் கட்டும் வீட்டில் இரும்பு கர்டரோடு மரச்சட்டங்களைச் சேர்த்து மாடித் தளம் போடுகிறார்கள். அறுத்த மரத்தின் ஈர வாடை முகத்தில் அடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், தங்கச்சி.

கூடலூரில் உன் மாடியும் இப்படித்தான். ஆடி பிறக்குமுன் பால் காய்ச்சியாக வேண்டும் என்று, காயாத மரத்தையே கர்டரில் போல்ட் போட்டு முடுக்கவைத்தார் உன் வீட்டுக்காரர். நட்டு கண்ணில் படக் கூடாதென்று அடியில் பலகை அடித்து, பெயிண்டும் பூசினார்.

தை முடிந்ததும், நாம் எல்லாரும் உன் வீட்டில் இருந்த அன்றைக்குத்தான், ஆசாரி ஸ்பேனரோடு வந்தார். "மரம் காஞ்சு சுருங்கியிருக்கும், நட்டெல்லாம் தொளதொளன்னு கிடக்கும். பலகையக் கழட்டி ஒருவாட்டி முடுக்கிட்டு, பெறகு நெல்லை ஏத்துங்க" என்றார்.

"பெயிண்ட் அடிச்ச பலகைய எவனாச்சும் கழட்டுவானா? போய்யா" என்றார் உன் வீட்டுக்காரர்.

"கழட்டட்டுமே. மேல நடந்தா கிர்ருங்குது" என்றாய் நீ.

அண்ணன் சிரித்தான். "எலி ஓடுனாக்கூட என் தங்கச்சி எந்திரிச்சு உக்காந்துக்குவா மச்சான்."

ஆசாரி போய்விட்டார். மூன்றாம் வாரம் நெல் மூட்டைகள் மாடிக்கு ஏறின. கீழே நீ மொச்சை உரித்துக்கொண்டிருந்தாய். தளம் சரிந்து இறங்கியது. உன் வீட்டுக்காரர் கழற்ற விடாத பலகைகளை ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டுத்தான் உன்னை எடுத்தோம்.

ஆசாரி வேலை சரியில்லை என்று உன் வீட்டுக்காரர் போலீசில் சொன்னார். முத்தையாவைக் கூட்டிப் போனார்கள். நான் போய் நடந்ததைச் சொன்னேன். வேறு யார் இருந்தது என்று கேட்டார்கள். அண்ணனைக் காட்டினேன்.

"ஆசாரி வரவே இல்ல சார். இவ துக்கத்துல உளறுறா" என்றான்.

வெளியே வந்து என்னிடம், "மச்சான் உள்ள போயிட்டா பிள்ளைகள யாரு பாக்குறது?" என்றான். உன் பிள்ளைகளை நான்தான் வளர்த்தேன். ஆசாரிக்கு இந்தப் பக்கம் யாரும் அப்புறம் வேலை கொடுக்கவில்லை. குமுளிக்குப் போனவர் திரும்பவில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கிறேன். உன் வீட்டுக்காரர் சாகுமுன் என் கையைப் பிடித்து அழுதார். அவரை விட்டுவிட்டேன். வருஷா வருஷம் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூப்பிட ஆள் அனுப்புகிறானே, உன்னோடும் என்னோடும் ஒரே வயிற்றில் பிறந்தவன், அவனை மன்னிக்க மாட்டேன். சுருளியை.