படம் எடுக்கப் போட்ட ஊசி

குனோங் ராபாட்,
12.6.1983

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் என் எலும்புகளைப் படம் எடுத்தார்கள். முதலில் கதிரியக்கத் திரவத்தை ஊசியில் ஏற்றினார்கள். நோய் இருக்கும் இடத்தில் அது அதிகம் சேருமாம். நம் தோட்டப் பள்ளித் திடலில் மழை விட்டதும் தண்ணீர் தேங்கி, பள்ளம் எங்கே என்று காட்டிக்கொடுக்குமே, அப்படித்தான். என் திடலில் தண்ணீர் தேங்காத இடம் குறைவு.

டாக்டர் நல்லவர். வலிக்கு மாத்திரை தந்தார். மறுபடி வரச் சொல்லவில்லை.

அன்று முழுவதும் குழந்தைகளைத் தூக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், உன் அண்ணன் மகளைத் தள்ளியே நிற்கச் சொன்னேன். அதைப் பார்த்த உன் அம்மா, "அவ்ளோ பவரான மருந்துலா! இனிமே பயமில்ல," என்று அர்ச்சனைத் தட்டோடு கோவிலுக்கு ஓடினாள். அது மருந்தல்ல, படம் எடுக்க மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனையோ வருடம் பாடம் நடத்தியவன், அவள் முகத்தைப் பார்த்ததும் தட்டில் வைக்கக் கற்பூரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று நான் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைக் கண்டுவிட்டாள். "ஊசி வேகம் கொறஞ்சு போச்சு போல. இன்னொன்னு போட்டுட்டு வந்துரலாம்," என்று என் கைலியை மடித்துப் பையில் வைத்தாள். பை வாசலில் இருக்கிறது. இன்று காலையும் "போலாமா?" என்றாள். நாளைக்கு என்றேன்.

நீ வந்து அவளிடம் உண்மையைச் சொல் என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். வேண்டாம், மகளே. சும்மா வா. அந்தப் பையை அவள் பிரிக்கும் நாளில் பக்கத்தில் இரு.

உன்
அப்பா