தாளிக்காத குழம்பு

கட்டபெட்டு

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சிக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து நீ கொடுத்தனுப்பிய கருவாடு அப்படியே இருக்கிறது. பொரித்தால் மணம் பக்கத்து வீடுகளுக்குப் போகும். எல்லாரும் கண்டித் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் தாயகம் திரும்பிய சனம், இன்னும் வேலை கிடைக்கவில்லை. இவர் சுவிசேஷம் சொல்லப் போய்விடுகிறார். பசியோடு வாசலில் நிற்பவர்களுக்கு நான்தான் முகம் கொடுக்க வேண்டும். களைத்துவிட்டேன். இப்போது கதவைச் சாத்தி, தாளிக்காமலே சமைக்கிறேன்.

நேற்று நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் பக்கத்து வீட்டுக் காத்தாயி வந்தாள். தட்டில் இரண்டு ரொட்டி.

“ஒரு வாரமா ஒங்க வீட்டுல தாளிக்கிற வாசமே இல்லீங்களேம்மா. அடுப்பெரியலை போலன்னு, புள்ளைக ரொட்டியில ரெண்டு எடுத்தாந்தேன்.”

சாப்பிட்டாயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டையும் தின்றேன்.

இன்னும் செமிக்காத வயிற்றோடு,
உன் அக்கா