கொடையா, கோடையா

பண்ணைக்காடு,
3.2.2025

திரு. முருகானந்தம் அவர்களுக்கு,

உங்கள் குரலைக் கேட்க விருப்பமில்லை, அதனால் கடிதம். கோடைக்கானல் என்ற பெயரைப் பற்றிய புத்தகத்தைப் பஸ் ஸ்டாண்டு கடையில் பார்த்தேன். அட்டையில் உங்கள் பெயர், உள்ளே என் பதினோரு வருட உழைப்பு. பாச்சலூர் வரை ஜீப்பில் போய், வயதானவர்கள் ஊரை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதியவள் நான். உங்களோடு வாழ்ந்தது போதும் என்று பிரிந்து வந்தபோது அந்த நோட்டைக் கேட்டேன். "எலி கடிச்சிருச்சு" என்றீர்கள். அடுத்த பதிப்பில் என் பெயர் வர வேண்டும்.

விசாலாட்சி

கொடைக்கானல்,
10.2.2025

விசாலா,

நோட்டு என் வீட்டில் கிடந்தது. அச்சகத்துக்கு அலைந்தவன் நான். பண்ணைக்காட்டு டீச்சர் பெயரைப் போட்டால் எவன் வாங்குவான்? 'கானகத்தின் கொடை' என்று ஊர்ப்பெயருக்கு விளக்கமாக நான் சேர்த்த வரியைத்தான் டூரிஸ்டுகள் போட்டோ எடுக்கிறார்கள். உன் இலக்கணத்தை அல்ல. கோர்ட்டுக்குப் போவதென்றால் போ.

முருகானந்தம்

கொடைக்கானல்,
4.3.2025

அன்புள்ள விசாலாட்சிக்கு,

நலமா? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? வருகிற பதினாறாம் தேதி நூலகத்தில் எனக்குப் பாராட்டு விழா. நூலகர் சிவமுருகன் போன் செய்தார். "புத்தகத்துல இருந்து கேள்வி கேக்க ஒருத்தங்க வாராங்க சார், தயாரா வந்துருங்க" என்றார். அந்தக் 'கொடை' வரிக்கு இலக்கணம் கேட்டால் என்ன சொல்வது? வெரசா எழுது. பழையதை மறந்துவிடுவோம்.

உன்,
முருகானந்தம்

பண்ணைக்காடு,
9.3.2025

திரு. முருகானந்தம் அவர்களுக்கு,

முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. கானகத்தின் கொடை என்றால் தமிழில் கானகக்கொடை என்று வரும். கொடை பின்னால்தான் நிற்கும். இன்று பலகையில் கொடைக்கானல் என்று குறிலாக எழுதினாலும், பெரியவர்கள் சொல்லும் ஊர்ப்பெயரில் முன்னால் நிற்பது கோடை, நெடில். கோடை என்பது இந்த மலையின் பழைய பெயர், கானல் என்பது சோலை. ஆங்கிலத்தில் எழுதினால் குறிலும் நெடிலும் ஒன்றாகத் தெரியும். நீங்கள் பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தில் உங்களுடையது அந்த ஒரு வரிதான். பிழையும் அந்த ஒன்றுதான்.

இதை மேடையில் தாராளமாகச் சொல்லுங்கள். நான் கேட்கப்போவது இலக்கணம் அல்ல.

ஆமாம், நான்தான். போன வாரம் சிவமுருகனைப் பார்த்தேன். நோட்டின் எல்லாப் பக்கங்களையும் என் மாணவி லாவண்யா ஆறு வருடத்துக்கு முன், நான் அங்கே இருந்தபோதே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறாள், என் கையெழுத்தும் தேதியுமாக. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். விழாவை நிறுத்திவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எழுந்து ஒன்றே ஒன்று கேட்பேன்: "இதை எழுதினது யாருங்க?"

விசாலாட்சி