உறவு என்ற கட்டம்

என் செல்லக் கழுதைக்கு,

நேற்று வக்கீல் அறையில் உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, என்னை ஏறிட்டும் பார்க்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாயே, அதில் எனக்கு வருத்தமில்லை. கூடப் பிறந்தவர் பக்கம்தானே நீ உட்கார முடியும். நகத்தை மட்டும் விட்டுவிடு.

ஸ்பூன் வரைக்கும் எண்ணிச் சண்டை போட்டு, ஒருவழியாகச் சாமான்களைப் பிரித்தாயிற்று. வாஷிங் மெஷின் அவருக்குப் போனது. அதன் குழாய் மட்டும் இங்கேயே கிடக்கிறது.

இன்று காலை பேங்கில் கூட்டுக் கணக்கை மூடிவிட்டு, என் பெயரில் தனியாக ஒன்று தொடங்கினேன். எனக்குப் பின் பணம் யாருக்கு என்று கேட்ட இடத்தில் யோசிக்காமல் உன் பெயரை எழுதிவிட்டேன். பக்கத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம். நாத்தனார் என்று எழுதி, அடித்தேன். அடித்தல் கூடாதென்று வேறு படிவம் கொடுத்தார்கள். பாழாய்ப் போன கை அதிலும் நாத்தனார் என்றே எழுதியது. மூன்றாவதை நீட்டிய அம்மாள் பொறுமையிழந்து, "இவங்க உங்களுக்கு என்னதாம்மா வேணும்?" என்றார்.

"தங்கச்சி."

"கூடப் பிறந்தவங்களா?"

"இல்லம்மா, கல்யாணத்துல கிடைச்சவ. அவர் திருப்பிக் கேட்காதது இவ ஒருத்தியத்தான்."

குழாயைக் கேட்டு அவர் வரமாட்டார், ரோஷக்காரர். உன்னைத்தான் அனுப்புவார். அதனால்தான் அதை நான் கழற்றி வைத்துக்கொண்டேன்.

அண்ணி என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கும்,
உன் அக்கா